தண்ணீர் வெளுக்கும் படம்

ரப்பர் பந்து ஈரமாக இருந்தது.

ஸ்கேனுக்குள் படுப்பவர்கள் பயந்தாலோ மூச்சு முட்டினாலோ அமுக்குவதற்காகக் கையில் கொடுக்கும் பந்து அது. அதிலிருந்து மெல்லிய காற்றுக் குழாய் ஒன்று மேசையோரமாக ஓடிச் சுவருக்குள் போகும். மில்லர்புரத்து ஸ்கேன் சென்டரில் படம் எடுக்கும் ஸ்டெபிக்கு எம்.ஆர்.ஐ. அறையின் வறண்ட குளிர் வருடக்கணக்கில் பழக்கம். இன்று அந்தக் குளிரில் பாசி நாற்றமும், உடைக்காத சங்குக்குள் சதை அழுகும் வாடையும் கலந்திருந்தன. ஏசி சொட்டியிருக்கும் என்று பந்தைத் துடைத்து ரோச்சின் கையில் வைத்தாள்.

"கடல்ல முங்குதவனுக்கு இந்த ஸ்கேன் குழாயெல்லாம் ஒரு பொருட்டாளா?" என்றான் ரோச். சொன்னானே தவிர, பந்தைப் பிடித்த பிடியில் அவன் நகங்கள் வெளுத்திருந்தன.

முதல் ஓலை வாசித்த ஞாயிறிலிருந்து அவனுக்குத் தலைவலி. அவனுக்கும் ஸ்டெபிக்கும் நடக்கப்போகும் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மாதா கோயிலில் இரண்டு வாரமாகச் சாமியார் கேட்டாயிற்று. யாரும் வாய் திறக்கவில்லை. நாளை மூன்றாம் ஓலை, அதுதான் கடைசி.

அவள் முதல் புருஷன் அமலன் சங்கு குளிக்கப் போனவன். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும், அதன் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு அவன் அடியில் இருப்பான், மேலே ரோச் குழாயைப் பிடித்திருப்பான். மூன்று இழுப்பு இழுத்தால் தூக்கிவிட வேண்டும். கல்யாண வீடுகளில் சலிப்புத் தட்டினாலும் அமலன் அவள் முந்தானையை மூன்று முறை இழுப்பான். அவளும் உடனே எழுந்துவிடுவாள். ஒருநாள் கம்ப்ரசர் நின்றுபோனது என்று ரோச் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். முயல்தீவு ஓரம் ஒதுங்கிய உடலை, முன்பே கயிறு சுற்றும் விஞ்சில் சிக்கிப் பாதி போன சுண்டுவிரலை வைத்துத்தான் அவள் அடையாளம் சொன்னாள். அதன்பிறகு வீட்டு அரிசியிலிருந்து மாமியாரின் மருந்து வரை ரோச்தான் பார்த்துக்கொண்டான். ஊரில் அவள் நம்பியது அவன் ஒருவனைத்தான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முதல் படத்தை ஓடவிட்டாள். உடம்பிலிருந்து வரும் சமிக்ஞையை எப்போது கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டி1 படத்தில் அவசரமாகக் கேட்பார்கள். கொழுப்பு வெளுக்கும், தண்ணீர் கறுத்துவிடும். ரோச்சின் மூளை நடுவில் நீர் நிறைந்த குழிகள், விரித்த வண்ணத்துப்பூச்சி போலக் கறுப்பாக, ஒழுங்காக இருந்தன. குறை ஒன்றுமில்லை.

அடுத்தது டி2. இதில் காத்திருந்து கேட்பார்கள். மற்றதெல்லாம் ஓய்ந்து அடங்கிய பின்னும் தண்ணீர் மட்டும் பேசிக்கொண்டிருக்கும், அதனால் தண்ணீர் வெளுக்கும். இயந்திரம் தட்டியது, மரப்பலகையை அடியிலிருந்து யாரோ தட்டுவது போல. படம் வரிவரியாக இறங்கியது.

வண்ணத்துப்பூச்சி இல்லை.

அந்த இடத்து வெண்மை ஓர் ஆளைப் போலக் காலை மடக்கி, முகத்தை நிமிர்த்தி, ஒரு கையை மேலே நீட்டியிருந்தது. மூளையின் அடுத்த அடுக்குப் படத்தில் கை இன்னும் உயர்ந்திருந்தது.

"ஆடாதீங்க," என்றாள் மைக்கில்.

"ஆடலயே."

ஃப்ளேர் எடுத்தாள். தண்ணீரின் குரலை மட்டும் அடக்கிவிடும் படம் அது. வெறும் நீர் என்றால் கறுத்துவிடும், கறுக்காமல் நின்றால் அது நோய். குழிகள் கறுத்தன. ஆள் கறுக்கவில்லை. கறுப்பின் நடுவே தனியாக, வெள்ளையாக நின்றது. விரல்கள் தெரிந்தன. நான்கு விரல் முழுசாக. சுண்டுவிரல் பாதி.

இயந்திரம் ஓய்ந்தது. தட்டல் ஓயவில்லை.

மணி அடித்தது. பந்தை அமுக்கினால் அடிக்கும் மணி. மூன்று முறை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

"என்ன செய்யுது?"

"நான் அமுக்கலளா." ஸ்பீக்கரில் அவன் மூச்சு இரைந்தது. "இழுக்கான். அன்னைக்கும் இப்படித்தான் இழுத்தான். விடாம இழுத்தான்."

அவள் மைக்கை நெருங்கினாள். "கம்ப்ரசர் நின்னு போச்சுன்னு சொன்னீங்களே."

மூன்று முறை மணி.

"ஓடிட்டுத்தான் கெடந்துச்சு." அவன் அழுதான். உடல் ஒதுங்கிய அன்று அழுத அதே அழுகை, அதே ஏற்ற இறக்கம். "நாந்தான் குழாய மடிச்சுப் பிடிச்சேன். உனக்காகத்தாம்ளா."

அவள் அசையவில்லை. அவன் கொண்டுவந்து போட்ட அரிசி. அவன் மெழுகுவர்த்தி ஏற்றிய கல்லறை. நாளை மூன்றாம் ஓலை. யாருக்கும் தடை தெரியவில்லை.

"ஸ்டெபி, வெளிய எடு. தண்ணி வருது. ஏளா, தண்ணி..."

ஸ்பீக்கரில் குமிழி உடையும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

மணி. மூன்று முறை.

தூக்கு என்கிறான் அமலன். அந்த இழுப்புக்கு அவள் ஒருநாளும் எழாமல் இருந்ததில்லை. அன்று அவள் வள்ளத்தில் இல்லை. இன்று பொத்தான் அவள் விரலடியில் இருந்தது.

அழுத்தினாள்.

மேசை மெல்ல வெளியே நகர்ந்தது. கதவைத் திறந்து கிட்டே போனபோது காலடியில் ஈரம். ரோச் கண்ணைத் திறந்தபடி கிடந்தான். திறந்த வாயின் விளிம்பு வரை தெளிந்த தண்ணீர், அசையாமல் நின்றது. பந்து அவன் நெஞ்சில். அதைப் பிடித்த அவன் கைமேல் இன்னொரு கை இருந்தது. ஊறி வெளுத்த கை. அது அவன் தலைக்குப் பின்னால், மேசை இன்னும் முழுதாக வெளியே வராத ஸ்கேன் குழாயின் இருட்டிலிருந்து நீண்டிருந்தது.

சுண்டுவிரல் பாதி.

மேசை நின்றுவிட்டது. அந்தக் கை பந்தை விட்டது. அவள் முந்தானையைத் தேடிப் பிடித்தது.

ஓர் இழுப்பு.

இரண்டு.