தட்டுது, அண்ணே

ரெக்கவரி லாரியின் முதுகில் ஏறி அந்த வண்டி வந்து சேர்ந்தபோது அஜ்மான் தொழிற்பேட்டையில் மதியத் தொழுகை முடிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. ஆகஸ்ட் மாதத்து வெயில். தெருவில் ஒரு பூனைகூட இல்லை. எதிர்ச்சாரி டயர் கடைக்காரர்கள் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளே படுத்துக் கிடந்தார்கள். கடல் பக்கமிருந்து வந்த புழுக்கம் நனைத்த சாக்குபோல முகத்தில் அப்பியது.

உச்சிவேளையில்தான் காத்துக்கருப்பு உலவும் என்று சொந்த ஊரான உவரியில் சொல்வார்கள். வளைகுடாவுக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் கராஜ் மெக்கானிக் தேவசுந்தரம் அதையெல்லாம் மறந்துபோயிருந்தான்.

லாரியிலிருந்து இறங்கியது ஓர் அமெரிக்க மசில் கார். நீண்ட மூக்கு, அகன்ற பின்டயர்கள், உடம்பு முழுக்க மங்கிய சாம்பல் நிற ஸ்டிக்கர். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜரைத் தனியாக வாங்கிப் பூட்டியிருந்தார்கள்.

கூடவே வந்தவன் பெயர் ராஜிக். இலங்கையில் காத்தான்குடிக்காரன், ஷார்ஜாவில் ஏசி கம்பெனியில் சூப்பர்வைசர்.

"நானா, மூணு கராஜ் ஏறி இறங்கிட்டன். இதுக்கு ஒழுங்கான டியூன் ஒண்டு போட்டுத் தாங்க" என்றான். அவன் ஊரில் அண்ணனை 'நானா' என்பார்கள்.

"என்ன கம்ப்ளெயின்ட்?"

"வேகம் ஏத்தினா உள்ளுக்கு என்னவோ தட்டுது. கம்ப்யூட்டர்ல ஒண்டும் காட்டுதில்ல. தகடு ஆடுற சத்தம் எண்டு சொல்லி எல்லாரும் அனுப்பிடுறாங்க."

தேவசுந்தரம் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். தகடு ஆடுற சத்தம். அந்தச் சொல்லை இரண்டு வருஷமாக அவன் யாரிடமும் சொன்னதில்லை. யார் சொல்லியும் கேட்டதில்லை.

"பாத்துருவோம்" என்றான்.

கராஜின் பின்னறையில் டைனோ இருந்தது. தரையில் பதித்த இரும்பு உருளைகள். அவற்றின் மேல் வண்டியை நிறுத்தி, பட்டைகளால் இறுக்கிக் கட்டிவிட்டால், நின்ற இடத்திலேயே மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். முன்னால் ஆளுயர மின்விசிறி. சத்தம் வெளியே போகாமலிருக்க ஷட்டரை இறக்கிவிடுவார்கள். ராஜிக்கை முன்னறையில் உட்காரவைத்து, கராஜ் பங்குதாரர் செய்கு அலாவுதீன் அவனுக்குப் பாலில்லாத சுலைமானி டீ ஊற்றிக்கொடுத்தார். காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊர் வழக்கில் கராஜில் எல்லோருக்கும் 'காக்கா', அதாவது அண்ணன்.

தேவசுந்தரம் எஞ்சின் உடம்பில் சிறிய மைக்கைக் கவ்விக்கொள்ளும்படி மாட்டி, அதன் வயரை ஹெட்போனில் செருகினான். பெட்ரோல் நேரம் தவறி வெடித்தால் உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும். சென்சார் தவறவிடுவதையும் பழகிய காது பிடித்துவிடும்.

இந்த ஹெட்போன் எப்போதும் உதவியாளன் பெர்சியின் தலையில்தான் இருக்கும். அவன் போன பிறகு யாரும் எடுத்து மாட்டியதில்லை. காதுப் பஞ்சில் இன்னும் பழைய தேங்காயெண்ணெய் வாடை இருந்தது.

முதல் ஓட்டம். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று, நாலாயிரம், ஐயாயிரம். எஞ்சின் அடிவயிற்றிலிருந்து உறுமியது. சுவர்கள் அதிர்ந்தன.

ஐயாயிரத்து ஐந்நூறில் கேட்டது.

டொக். டொக். டொக்.

லேப்டாப்பைப் பார்த்தான். சென்சார் சுழியம் காட்டியது. பெட்ரோல் பற்றும் டைமிங்கை இரண்டு டிகிரி குறைத்து மறுபடி ஓட்டினான். அதே இடம், அதே மூன்று தட்டு. நாலு டிகிரி குறைத்தான். எட்டு குறைத்தான். அவ்வளவு குறைத்தால் மாட்டுவண்டிகூடத் தட்டாது.

டொக். டொக். டொக்.

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். உருளைகள் மெல்லச் சுற்றி நின்றன. மின்விசிறியும் ஓய்ந்தது. சூடான இரும்பு சுருங்கும் சின்னச் சின்ன ஓசை மட்டும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அதுவும் நின்றது.

எஞ்சின் அணைந்திருந்தது.

ஆனாலும் தட்டியது.

டொக். டொக். டொக்.

அதன் பின்னாலேயே, மைக்குக்கு வெகு அருகில் வாயை வைத்ததுபோல், ஒரு குரல்.

"அண்ணே, தட்டுது."

தேவசுந்தரம் ஹெட்போனைப் பிடுங்கி எறியவில்லை. அந்தக் குரலில் கோபமில்லை. பழியில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ முறை சொன்ன அதே பணிவோடு சொன்னது. அதுதான் அவன் முதுகுத்தண்டில் இறங்கியது.

தடுமாறி இறங்கி, முன்கண்ணாடியின் ஓரத்தில் குனிந்து, முகப்புப் பலகையில் அடித்திருந்த சேசிஸ் எண்ணை எழுத்தெழுத்தாகப் படித்தான். கடைசி நாலு இலக்கத்தைப் படிக்கத் தேவையே இல்லை. அது அவனுக்கு மனப்பாடம்.

ஏலத்தில் போன சிதைந்த உடம்பை யாரோ எடுத்து, தட்டி நிமிர்த்தி, வேறு எஞ்சின் இறக்கி, சாம்பல் ஸ்டிக்கர் சுற்றி விற்றிருக்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே டைனோ மேடையில், இதே வண்டி. அன்று சாயங்காலமே வண்டிக்காரனுக்கு ஏதோ பந்தயம். பவர் இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று நச்சரித்தான். தேவசுந்தரம் டைமிங்கை ஏற்றினான். எல்லை தெரிந்தே ஏற்றினான். ஹெட்போனோடு நின்ற பெர்சி கையைத் தூக்கினான்.

"அண்ணே, தட்டுது."

"ஏலே, அது தகடு ஆடுற சத்தம். ரோட்டுல ஒரு சுத்து ஓட்டிட்டு வந்துரு. ஆள் காத்துக்கிட்டிருக்கான்."

பெர்சி இன்னொரு முறை சொன்னான். பிறகு அண்ணன் சொன்னால் சரியாயிருக்கும் என்று சாவியை எடுத்துக்கொண்டு போனான். தைத் ஊருக்குப் போகும் பாலைவனச் சாலையில் பிஸ்டன் உடைந்து, எண்ணெய் பின்டயரில் கொட்டி, வண்டி நாலு முறை உருண்டது. மணப்பாட்டிலிருந்து வந்த பையன். முப்பது வயது முடியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் தேவசுந்தரம் எப்படியோ தாங்கியிருப்பான். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்ததும் அவன் முதலில் அழவில்லை. லேப்டாப்பைத் திறந்து, டியூன் செய்தவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை அழித்துவிட்டு 'பெர்சி' என்று அடித்தான். போலீஸ் கேட்டபோது, "நான் வேண்டாம்னு சொன்னேன் சார். அவனா மாத்திட்டு அவனா எடுத்துட்டுப் போயிட்டான்" என்றான். செத்தவன் மறுத்துப் பேசவில்லை.

அடக்கம் முடிந்து பதினாறாம் நாள் பெர்சியின் மனைவி தேவகனி போன் செய்தாள். "அவிய செஞ்ச தப்பால ஒங்களுக்கு வேலையில கஷ்டம் வந்திருக்கும். மன்னிச்சிக்கிடுங்கண்ணே." அன்றைக்கு அவன், "பரவாயில்லம்மா" என்றான்.

பரவாயில்லையாம்!

அந்த ஒரு வார்த்தையை நினைத்தபோதெல்லாம், தனியாக இருந்தாலும், அவன் கையால் முகத்தை மூடிக்கொள்வான்.

இப்போது வண்டிக்குள் மறுபடி ஏறினான். லேப்டாப்பில் புது டியூன் ஒன்றைப் போட்டு, வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றினான். கீழே தன் பெயரை அடித்தான். ஏறியதா என்று திரும்பப் படித்துப் பார்த்தான்.

டியூன் செய்தவர்: பெர்சி.

அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான்.

பெர்சி.

மூன்றாம் முறை அவசரத்தில் எழுத்துப்பிழையாக அடித்தான். திரையில் மட்டும் பிழையில்லை.

பெர்சி.

கழுத்தில் தொங்கிய ஹெட்போனிலிருந்து மெதுவாகக் கேட்டது, வேலை முடியட்டும் என்று காத்திருப்பவன் தொண்டையைச் செருமும் சத்தம்.

தேவசுந்தரம் ஷட்டரைத் தூக்கிவிட்டு முன்னறைக்கு ஓடினான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. காக்காவும் ராஜிக்கும் எழுந்துவிட்டார்கள்.

"என்னப்பா? அடிபட்டுச்சா?"

"காக்கா, பெர்சி டியூனை மாத்தல."

"என்ன சொல்ற?"

"மாத்துனது நான். தட்டுதுன்னு அவன் ரெண்டு வாட்டி சொன்னான். நாந்தான் போன்னு அனுப்புனேன். அப்புறம் பேரை மாத்துனதும் நாந்தான்."

காக்கா உட்காரவில்லை. திட்டவுமில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தேவசுந்தரத்தின் செருப்பையே பார்த்தார். அந்தப் பையனைப் பற்றி இரண்டு வருஷமாக, 'திமிரு புடிச்சவன், உயிரை விட்டான்' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னவர் அவர்தான்.

"என்னையும் பொய் சொல்ல வச்சிட்டியேப்பா" என்றார் கடைசியில். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? அந்தப் புள்ள தேவகனிகிட்ட சொல்லு. இப்பவே, என் முன்னால சொல்லு."

ராஜிக் டீ கிளாஸைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றான். முன்பின் தெரியாத ஒருவன் அப்படி நாகரிகமாக விலகி நின்றதே தேவசுந்தரத்துக்கு அறைந்ததுபோல் இருந்தது.

தேவகனி இரண்டாம் மணியிலேயே எடுத்தாள். "சொல்லுங்கண்ணே, சௌக்கியமா?"

அவன் சொன்னான். ஒன்றையும் குறைக்காமல் சொன்னான். ஸ்பீக்கரில் மணப்பாட்டுக் கடலிரைச்சலோ விசிறிச் சத்தமோ, ஏதோ ஒன்று இரைந்துகொண்டிருந்தது. அவள் குறுக்கிடவேயில்லை.

"அப்ப நான் ஒங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேனே" என்றாள் மெதுவாக.

அவன் போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தான்.

"எம்மவகிட்ட யாராச்சும் ஒங்கப்பா எப்பிடி செத்தாருன்னு கேட்டா, சொன்ன பேச்சு கேக்காம செத்துட்டாருன்னு சொல்லுவா. நாந்தான் அப்பிடிச் சொல்லிக் குடுத்தேன். பெரியவங்க பேச்சக் கேக்கணும்னு புத்தி சொல்றதுக்கு." அவள் மூச்சை இழுத்தாள். "அவிய சொன்ன பேச்சக் கேட்டுத்தானே செத்திருக்காவ."

"தங்கச்சி…"

"அப்பிடிக் கூப்பிடாதிய."

போன் துண்டிக்கப்பட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தானும் கூட வருவதாகவும், போலீசில் எல்லாவற்றையும் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றும் காக்கா சொன்னார். தேவசுந்தரம் தலையாட்டினான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு டைனோ அறைக்குப் போனான். யாரும் போகச் சொல்லவில்லை.

அந்த வேலையை அவன் ஒழுங்காகச் செய்தான். வாழ்க்கையிலேயே அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. பவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஐந்நூறு சுற்றுக்கும் நிறுத்தி, பெட்ரோல் அளவைச் சரிபார்த்து, எஞ்சினை ஆறவிட்டு, மறுபடி கேட்டு, அரை டிகிரி அரை டிகிரியாக நகர்ந்தான். ஐயாயிரத்து ஐந்நூறு தாண்டியது. ஆறாயிரம் தாண்டியது. ஹெட்போனில் சுத்தமான உறுமல் மட்டும். ஏற்றிய டியூனைத் திரும்பப் படித்தபோது கீழே அவன் பெயரே இருந்தது.

"ரோட்டுல ஒருக்கா ஓட்டிப் பார்க்கணுமே. நான் வரவா நானா?" என்று ராஜிக் கேட்டான்.

"வேண்டாம். யாரும் வரவேண்டாம்."

லேப்டாப்பைக்கூட மேசையிலேயே வைத்துவிட்டுத் தனியாகக் கிளம்பினான். வெயில் சாய்ந்து, சாலையின் இரண்டு பக்கமும் மணல் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. தூரத்தில் ஒட்டகங்கள் வேலியோரமாக நடந்தன. வண்டி வெண்ணெயில் இறங்கிய கத்திபோலப் போனது. எந்த ஒலியும் இல்லை. சரிதான், விட்டுவிட்டான், போய்விட்டான் என்று நினைத்து, நினைத்த உடனே அந்த நிம்மதிக்காகவும் வெட்கப்பட்டான்.

ரவுண்டபவுட் வந்தது. வேகத்தைக் குறைத்து நிறுத்தினான்.

டிங்.

டிங்.

டிங்.

முகப்புப் பலகையில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னியது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் சீட் பெல்ட் போடவில்லை.

அந்த இருக்கையில் எதுவுமில்லை. ஒரு துணிகூட இல்லை. கடைக்கண்ணில், அதன் தோல் மெத்தை மெல்ல அமுங்குவது தெரிந்தது.

திரும்பிப் பார்க்க அவனுக்குப் பயமில்லை. எந்த முகத்தோடு பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தான்.

"பெல்ட்டைப் போட்டுக்கய்யா" என்றான்.

டிங்.

டிங்.

பட்டை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, 'டக்' என்று கொக்கி விழுந்தது.

விளக்கு அணைந்தது.