உப்பு ஜாடியில் இருந்த கடுகு

காலையில் காபி போடுமுன் புயல் வரைபடத்தைத் திறப்பது இப்போதெல்லாம் பல் துலக்குவது போல ஆகிவிட்டது. வருடத்துக்கு முப்பது புயல் வந்தால் வேறு என்ன செய்வது? ரெஜினாவும் திறந்தாள். நேற்றுவரை நாகப்பட்டினத்துக்குப் போய்க்கொண்டிருந்த புயல், மனம் மாறி அவர்கள் ஊரான மணப்பாட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. கடல்மேல் அபாயத்தைக் காட்டும் சிவப்பு வட்டத்துக்குள் ஒருவரும் இல்லை. கணவர் சில்வேரா வீட்டில் பத்திரமாக இருப்பதாகப் பச்சைப் புள்ளி காட்டியது.

ஆனால் சில்வேரா முந்தின நாளே கடலுக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தது அவருடைய இருப்புச்சில்லு மட்டும், உப்பு ஜாடிக்குள்.

ஆள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்ட எல்லாருக்கும் அரசு கொடுத்த சில்லு அது. ஊரில் அதற்குக் கடுகு என்று பெயர். கடுகு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மீட்பு விமானம் போகும். ஆனால் வரைபடத்தை ஊரே பார்க்குமே! மீன் அடைந்து கிடக்கும் ‘பார்’ என்ற கடலடிப் பாறைத்திட்டை எந்த மீனவன் காட்டிக்கொடுப்பான்? சில்வேரா முக்கியமாகத் தம்பி தோபியாசிடமிருந்து அதை ஒளித்தார். அந்தப் பாருக்காகவே இருவரும் மூன்று வருடமாகப் பேசுவதில்லை.

கடலில் அவ்வளவு தூரத்தில் அலைபேசி எடுக்காது. ரெஜினா மீட்பு மையத்தை அழைத்தாள்.

"உங்கள் கணவர் வீட்டில் இருக்கிறார், அம்மா," என்றது இயந்திரக் குரல், ஆறுதலாக.

"வீட்டுல இருக்கது கடுகுய்யா! மனுசன் கடல்ல கெடக்காரு!"

"கவலை வேண்டாம். அவர் பத்திரமாக இருக்கிறார்."

இந்த அறிவாளியோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது? ஜாடியோடு தோபியாஸ் வீட்டுக்கு ஓடி விஷயத்தைச் சொன்னாள். மீன்கூடை தூக்கும் பறப்பி, அதாவது ட்ரோன், அவனிடம்தான் இருந்தது. அதை வைத்துத்தான் அவன் குடும்பம் சாப்பிட்டது.

"மயினி, இந்தக் காத்துல போனா இது திரும்பாது," என்றான். சொல்லிக்கொண்டே கடுகைப் பறப்பியில் ஒட்டினான். "எடத்தச் சொல்லுங்க."

ரெஜினா ஒரு கணம் தயங்கினாள். "லைட்ஹவுசுக்கு நேர் கெழக்க, பதினெட்டு மைலு."

பச்சைப் புள்ளி வீட்டைவிட்டுக் கிளம்பிக் கடல்மேல் ஊர்ந்தது. சிவப்பு வட்டத்துக்குள் நுழைந்ததும் மையம் விழித்துக்கொண்டது: மீட்பு விமானம் புறப்பட்டது. ஒரு மணி நேரம் கழித்துப் புள்ளி அணைந்தது. பறப்பி கடலில் விழுந்துவிட்டது. விமானம் அதற்குள் போய்ச் சேர்ந்ததா என்று வரைபடம் சொல்லவில்லை. ரெஜினா வாய்விட்டு அழுதாள். தோபியாஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

அவள் அலைபேசி அடித்தபோது மதியமாகியிருந்தது. விமானத்திலிருந்து சில்வேரா.

"ஏட்டி, எடத்த யாருட்டயும் சொல்லலியே?"

ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்க தம்பிட்ட சொல்லிட்டேன். அவரு ட்ரோனும் போயிட்டு."

 "ஃபோன அவன்ட்ட குடு," என்றார் சில்வேரா.