தொண்ணூறு கிலோமீட்டர் மணல்

“இந்த டயரை உனக்கு யாரும்மா வாங்கச் சொன்னா?”

“நானாத்தான் வாங்குனேன் காக்கா. பல்லு பல்லா இருந்துச்சு. நல்லாப் பிடிக்கும்னு நெனச்சேன்.”

“பிடிக்கும்! சேத்துல பிடிக்கும். மணல்ல போட்டா தோண்டித் தோண்டி உன்னை அங்கயே புதைச்சுரும். கழட்டு, கழட்டு!”

உவைஸ் காக்கா ஊன்றுகோலால் டயரை ஓங்கித் தட்டினார். காயல்பட்டினத்துக்காரர்; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓமானின் தெற்கே, ரூப் அல் காலி என்னும் பெரும் பாலைவனம் தொடங்குகிற இடத்தில் இருபது வருடமாக வண்டிப் பட்டறை நடத்துகிறார். இடது காலில் மாவுக்கட்டு. அது மட்டும் இல்லையென்றால் அவரே கிளம்பியிருப்பார்.

எதிரே நின்ற ஜெனோவா தூத்துக்குடிப் பெண். ஓமானிலேயே கடற்கரை நகரத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். அவளுடைய அண்ணன் பாலைவனத்துக்குள் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, எண்ணெய்க் கிணறு தோண்டிய முகாமில் காவலாள். எட்டு மாதத்துக்கு முன் கம்பெனி வேலையை நிறுத்தி எல்லோரையும் அழைத்துக்கொண்டது. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள அவனை மட்டும் விட்டுவிட்டுப் போனது. மாதம் ஒருமுறை தண்ணீர் லாரி போகும். இந்த மாதம் போகவில்லை. கம்பெனி அலுவலகம் பூட்டிக் கிடந்தது. ஒன்பது நாளாக ரேடியோவில் அண்ணன் குரலும் இல்லை. மீட்புப் படையோ மலைப்பக்கம் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. இங்கே வர இன்னும் நான்கு நாள். கணக்குப்படி, முகாமில் மிஞ்சிய தண்ணீர் நாளையோடு தீர்ந்துவிடும்!

மதியத்துக்குள் அவளுடைய பழைய பிக்கப் வேறு வண்டியாக மாறியது. காக்கா ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் அடியில் படுத்து வேலை செய்தாள். பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகள் தொய்ந்திருந்தன. இருநூறு லிட்டர் தண்ணீரைத் தாங்க ஒரு பட்டை கூடுதலாக ஏறியது. முன்பக்கம் நீளமான ஷாக் அப்சார்பர்கள். வண்டி இரண்டு அங்குலம் உயர்ந்து நின்றது. கடைசியில் அகலமான, பல் ஆழமில்லாத நான்கு டயர்கள்.

“ஸ்டெப்னி?” என்றாள்.

“இந்த அளவுல நாலுதான் இருக்கு. பழைய சின்ன டயரையே போட்டுக்க. ஓட்ட ஆகாது, சும்மா ஒரு தைரியத்துக்கு. இங்க பாரு, மணல்ல இறங்குனதும் காத்தைப் பதினஞ்சுக்குக் குறைச்சுரு. அதுக்குக் கீழ போனா ஸ்டியரிங்கை வெடுக்குன்னு ஒடிக்காத. டயர் ரிம்மை விட்டுக் கழண்டுரும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா நான் இந்தக் காலோட தவழ்ந்தாச்சும் வருவேன், ஆமா!”

“தவழ்ந்து வந்தா அந்தக் காலுக்கும் நான்தான் கட்டுப் போடணும், காக்கா.”

மறுநாள் விடியலில் கிளம்பினாள். தார்ச்சாலை முடிந்தது. காற்றை இறக்கினாள். டயர்கள் ஒட்டகப் பாதம் போலப் பரந்து மணல்மேல் மிதந்தன. முதல் மேடு! இரண்டாவது மேடு! வண்டி துள்ளவில்லை, முங்கி எழுந்து போனது. ஜெனோவா உற்சாகமாகக் கூவினாள். பதிலுக்கு ஒரு குருவிகூடக் கத்தவில்லை. அதன்பிறகு அவள் கூவவில்லை.

உலகத்தில் எல்லோரும் வேறெங்கோ போய்விட்டதைப் போல இருந்தது. மேட்டுக்குப் பின்னால் மேடு, ஒவ்வொன்றும் அதே சிவப்பு. இஞ்சினை நிறுத்தினால் தன் ரத்தம் காதுக்குள் ஓடுவது கேட்டது. அண்ணன் எட்டு மாதம் இதைத்தானே கேட்டிருப்பான்!

அறுபதாவது கிலோமீட்டரில் ஒரு செங்குத்தான மேடு மூன்று முறை அவளைக் கீழே தள்ளியது. பொறுமை போயிற்று. காற்றைப் பத்துக்கு இறக்கினாள். ஏறியது! ஆனால் உச்சியில், மறுபக்கம் பள்ளமாக இருப்பதைப் பார்த்துப் பயந்து ஸ்டியரிங்கை ஒடித்தாள்.

டொப்!

முன் வலது டயர் ரிம்மை விட்டுக் கழன்று தொங்கியது.

“முட்டாள்! முட்டாள்!” என்று தன்னையே திட்டினாள். அழுகை வந்தது. துடைத்துவிட யாருமில்லை என்பதால் அழுகை தானாகவே நின்றது.

ஜாக்கியை வைத்தாள். அது மணலுக்குள் இறங்கியது. சுற்றிலும் பார்த்தாள். பலகை இல்லை, கல் இல்லை. ஓட்ட உதவாத அந்தச் சின்ன ஸ்டெப்னி இருந்தது! அதைப் படுக்கப் போட்டு, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினாள். வண்டி மெல்ல எழுந்தது.

வண்டி பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பைப் போட்டாள். டயருக்கும் ரிம்முக்கும் நடுவிலிருந்த இடைவெளி வழியே காற்றெல்லாம் சீறி ஓடியது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் ஓடியது. கொளுத்தும் வெயிலில் அவள் தன் முழங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரத்தம் எடுக்கும்போது அதற்கு மேலேதானே பட்டியை இறுக்குவோம்? நரம்பு புடைக்குமே!

துள்ளி எழுந்தாள். தண்ணீர் கேன்களைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து டயரைச் சுற்றி வளைத்தாள். வீல் ஸ்பானரைக் கயிற்றில் செருகி முறுக்கினாள். இன்னும்! இன்னும்! டயரின் நடுப்பகுதி அமுங்கியது, ஓரங்கள் புடைத்து ரிம்மைத் தொட்டன. பம்பை முடுக்கினாள். சீறல் குறைந்தது... நின்றது... டப்! டயர் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இந்த முறை அவள் கூவியதைக் கேட்க யாரும் வேண்டியிருக்கவில்லை.

வெயில் சாயும்போது முகாம் தெரிந்தது. துருப்பிடித்த கோபுரம். அதன் நிழலில் ஒரு நாற்காலி. நாற்காலியில் அண்ணன், வெடித்த உதடுகளோடு.

“அண்ணே! அண்ணே!”

அவன் எழவில்லை. அவள் கேனைத் திறந்து, ஒரே மூச்சில் குடிக்கவிடாமல் மூடி மூடியாக ஊற்றினாள். பத்தாவது மூடிக்குப் பிறகுதான் அவன் கண் அவள்மேல் நின்றது.

“நெசமாத்தான் வந்திருக்கியாட்டி?”

“நெசந்தான். ரேடியோ என்னாச்சு?”

“பேட்டரி செத்துப்போச்சு. அதுக்கப்புறமும் பேசிக்கிட்டேதான் இருந்தேன்.”

காலையில் திரும்பினார்கள். தன் டயர்த் தடத்திலேயே ஓட்டினாள், எங்கேயும் அவசரப்படவில்லை. பயத்தில் ஒடிக்காதவரை வண்டி தானே வழி கண்டுகொள்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. அண்ணன் சன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

நண்பகலில் கறுப்புக் கோடாகத் தார்ச்சாலை தெரிந்தது. சாலையோரத்தில் ஒரு டாக்சி. அதன்மேல் சாய்ந்து நின்ற உவைஸ் காக்கா ஊன்றுகோலைத் தலைக்குமேல் சுழற்றி என்னவோ கத்தினார். ஜெனோவா ஹாரனை அழுத்திப் பிடித்தாள். ஜெயித்துவிட்டாள்!

“நிறுத்து,” என்றான் அண்ணன்.

நிறுத்தினாள்.

“எட்டு மாசமா ரேடியோவுல கம்பெனிக்காரனுவ என்னை ‘ஏழாம் நம்பர்’னுதான் கூப்பிட்டானுவ. நீ எப்பவும் அண்ணேதான். அது சரிதான், சின்னப்பிள்ளையில இருந்தே அப்படித்தான கூப்பிடுத. ஆனா ராத்திரியில எம் பேரு எனக்கே மறந்துருமோன்னு பயமா இருக்கும்.”

இருவருக்கும் நடுவில் இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. கிளம்பியதிலிருந்து முதல்முறையாக அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

“ஏட்டி, ஒரே ஒரு தடவ, எம் பேரச் சொல்லிக் கூப்பிடேன்.”