பழைய டிரைவரை நீக்கவும்

தாணுலிங்கம் ஓட்டிக்கொண்டிருந்த சிவப்புக் காருக்குள் ஒரு தலை தெரிந்தது.

கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் கார்தான். ஏதோ வெளிநாட்டுக் கடற்கரை ரோடு, தென்னையா ஈச்சையா என்று சொல்ல முடியாத மரங்கள், அம்புக்குறியை அழுத்தினால் பறக்கும். ஓட்டுகிறவனைக் காட்டவே மாட்டார்கள், பின்கண்ணாடி எப்போதும் வெறும் கறுப்பு. இன்று அந்தக் கறுப்புக்குள் உச்சி வழுக்கையோடு ஒரு தலை. அதுவும் வலதுபக்கம். வெளிநாட்டுக் காரில் ஸ்டியரிங் இடதுபக்கம் அல்லவா இருக்கும் என்று யோசித்தார்.

"சவம்," என்றார்.

ஆரியசாலையில் மல்லியும் மிளகாயும் மொத்தமாக விற்கும் தாணுலிங்கத்துக்கு உலகத்தில் பாதி சவம்தான். பூட்டாத பூட்டு சவம். நேரத்துக்கு வராத லாரி சவம். கடையாட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சவங்கள். இப்போது கம்ப்யூட்டரில் படம் காட்டுகிற இந்த கிராஃபிக்ஸ் கார்டு. மகள் ஷீனாவின் எஞ்சினியரிங் படிப்புக்கு என்று மனைவி லீலாபாயிடம் சொல்லித்தான் அதை வாங்கிப் போட்டார். ஷீனாவோ நாகர்கோவில் பக்கம் ஹாஸ்டலில் இருந்தாள். வண்டி ஓட்டுவது கூலிக்காரன் சோலி என்று ஐம்பது வயது தாண்டியும் ஸ்டியரிங்கைத் தொடாத மனிதர், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சிவப்புக் கார் ஓட்டுவதற்குத்தான் அந்தக் கார்டு.

போட்ட நாளிலிருந்து தொல்லை. திரையில் பட்டைபட்டையாகக் கோடு விழும். கார் பாதி ரோட்டில் உறைந்து நிற்கும். விற்ற கடையில் சுமந்த் என்று ஒரு பையன், வலியசாலை அக்ரகாரத்துக்காரன், எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான் சொல்வான்: "டிரைவரை அப்டேட் பண்ணுங்கோ சார்." கார்டை ஓட்டுகிற சாஃப்ட்வேருக்கு டிரைவர் என்று பெயராம். முதல்முறை கேட்டபோது தாணுலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்கும் டிரைவராடே? அதாவது உறங்காம ஓட்டுமா?" என்று கேட்டார். அப்டேட்டும் செய்தார். ஒரு தொல்லை போய் வேறொன்று வந்தது. டிரைவர் என்றாலே மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிற கூட்டம்.

வெளியே வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழை, சாயங்காலமே இருட்டிவிட்டிருந்தது. கார் ஷெட்டின் தகரக்கூரையில் மழை விழும் சத்தத்துக்கு அடியில், கரமனைப் பாலத்தில் லாரிகள் முனகி ஏறுவது கேட்டது. பாலம் வீட்டுக்கு அவ்வளவு பக்கம். கம்ப்யூட்டர் பெட்டியின் காற்றாடி தொண்டை கட்டியதுபோல் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஈரத்துணி வாடையோடு சேர்ந்து எங்கிருந்தோ பீடி வாடை வந்தது. அந்த வீட்டில் யாரும் பீடி குடிப்பதில்லை.

லீலாபாய் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இஞ்ச பாருங்க, ஷீனாவை இன்னும் காணல்ல. அந்தப் புது டிரைவர் அகில் பய நேத்து ராத்திரி பூரா தென்காசி லோடுக்குப் போயிட்டு வந்தவனாக்கும். கண்ணு மூடல்ல. அப்படியே ஹாஸ்டல்ல இருந்து மகளைக் கூட்டிட்டு வான்னு விரட்டிட்டிய."

"உறங்கல்லன்னா செத்தா போவான்?"

"ஒரு செல்போனாவது வாங்கிக் குடுத்திருந்தா, எங்க வாறாவன்னு கேட்டிருக்கலாம்."

"ஸ்டியரிங் வளையம் பிடிக்கவனுக்கு செல்போனா? நல்லாத்தான் இருக்கு. நீ போய் ஒன் சோலியப் பாரு."

அவள் வாசலில் நின்றாள். "பிச்சைக்கனியையும் இப்பிடித்தான் சொன்னிய," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிச்சைக்கனி பழைய டிரைவர். ஷீனாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவந்து வளர்த்தவன் என்றே சொல்லலாம். போன சித்திரையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், அம்பாசடருக்குள் காத்திருந்தான். தாணுலிங்கம் ஏப்பம் விட்டுக்கொண்டே பின்சீட்டில் ஏறி, "எடுடே சவமே," என்றார். அசையவில்லை. "ஒறங்குதியா சவமே? சம்பளம் ஒறங்கதுக்கா?" என்று மூச்சுமுட்டத் திட்டினார். பிறகு பின்மண்டையில் ஒன்று வைத்தார். தலை முன்னால் சரிந்து ஹாரன்மேல் விழுந்தது. ஆட்கள் ஓடிவந்து அதைத் தூக்கும்வரை ஹாரன் நிற்கவே இல்லை. உடம்பு அதற்கு முன்பே குளிர்ந்துபோயிருந்தது.

அதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். ஊர் முன்னால் மானம் போயிற்று.

திரையைப் பார்த்தார். தலைக்குக் கீழே தோள் தெரிய ஆரம்பித்திருந்தது. தோளில் சிவப்புக் கரை போட்ட தோர்த்துத் துண்டு.

போனை எடுத்துக் கார்டு விற்ற கடைக்குப் போட்டார். சுமந்த்தான் பேசினான்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தேளா சார்?"

"எடே, நான் என்ன பொட்டனா? இந்தக் கண்றாவியை வித்த ஒன்னைச் சொல்லணும்."

"கோச்சுக்காதீங்கோ. ஸ்கிரீன்ல என்ன தெரியறது?"

"காருக்குள்ள... ஆளு தெரியுது."

ரிசீவரைப் பொத்திக்கொண்டு பையன் சிரிப்பது கேட்டது. பிறகு கொட்டாவி விடுகிற குரலில் சொன்னான்.

"அது பழைய டிரைவர் சார்."

தாணுலிங்கம் ரிசீவரைக் காதோடு அழுத்தினார். "என்னது?"

"பழைய டிரைவர் இன்னும் போகலை. புதுசுக்கு மேல உக்காந்துண்டிருக்கு. ரெண்டும் சேந்து இருந்தா இப்படித்தான் கன்னாபின்னான்னு காட்டும். பழசை ரிமூவ் பண்ணிடுங்கோ. அப்புறம் புதுசு தானா ஓடும்."

அவன் எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லச்சொல்ல, தாணுலிங்கத்தின் விரல் மவுஸைத் தேடியது. கண் திரையை விடவில்லை. கடற்கரை போயிருந்தது. மழை பெய்தது. திரைக்குள்ளும். கறுத்த ரோடு, வாழைத்தோட்டம், ஷட்டர் இறக்கிய கடைகள். நாகர்கோவிலிலிருந்து வரும் வழியில் உள்ள பாலராமபுரத்தின் பெயர் மலையாளத்தில் எழுதிய ஒரு பலகை வந்து பின்னால் போயிற்று. கார் சிவப்பு இல்லை. வெள்ளை. அம்பாசடர். அவருடைய வண்டி, அவருடைய நம்பர்.

பின்கண்ணாடி நெருங்கி வந்து திரையை நிறைத்தது. பின்சீட்டில் ஒரு பெண் சாய்ந்து உறங்கினாள். தலையில் பச்சைக் கிளிப். போன மாதம் ஷீனாவுக்கு அவரே வாங்கிக் கொடுத்தது.

முன்சீட்டில் வழுக்கை. தோர்த்து. இரண்டு கறுத்த கைகள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒரு இருமல் கேட்டது. ஸ்பீக்கரிலிருந்து. வளைவுக்கு முன்னால் பிச்சைக்கனி எப்போதும் இருமுகிற அதே இருமல். வண்டி வளைவில் அலுங்காமல் திரும்பியது.

"பண்ணினேளா சார்?" என்றது போன்.

பயம் வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுக்கு வந்தது. அங்கே அது வழக்கமான உருவம் எடுத்தது. செத்தும் சீட்டை விடமாட்டேங்குதே இந்தச் சவம்! என் வண்டியில்! என் மகளோடு!

அழுத்தினார்.

திரையின் நடுவில் ஒரு பெட்டி முளைத்தது. இந்த டிரைவர் இப்போது ஓட்டத்தில் இருக்கிறது, கட்டாயம் நீக்கவேண்டுமா என்று இங்கிலீஷில் கேட்டது.

பெட்டிக்குப் பின்னால் அந்தத் தலை மெல்ல ஆடியது. இடமும் வலமும். வேண்டாம் மொதலாளி என்று அவன் சொல்கிற ஆட்டம் அது. கைகள் மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை.

"நீ யாருடே வேண்டாம்னு சொல்ல," என்றார் தாணுலிங்கம். ஆம் என்பதை அழுத்தினார்.

பிச்சைக்கனி உச்சியிலிருந்து கோடு கோடாக அழிந்தான். வழுக்கை. காது. தோர்த்து. கடைசியாகக் கைகள்.

அடியில் அகில் இருந்தான்.

வாய் பிளந்திருந்தது. நெற்றி பக்கவாட்டுக் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. ஆழ்ந்த உறக்கம்.

ஸ்டியரிங்கில் யாரும் இல்லை. அது தன்பாட்டில் லேசாக வலதுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

எதிரே கரமனைப் பாலம். ஒரு லாரியின் விளக்குகள்.

தாணுலிங்கம் அம்புக்குறிகளைக் குத்தினார். இடம். இடம். இடம். ஒன்றும் கேட்கவில்லை. "அகிலே! எந்திரிடே! மக்கா, எந்திரிடே!" என்று கத்தினார். "பிச்சைக்கனி! லேய், பிச்சைக்கனி! வாடே!"

"பழசு போயிடுத்தா சார்?" என்றான் சுமந்த். "இனிமே அது வராது. புதுசு ஓடறதா, பாருங்கோ."

விளக்குகள் பெரிதாயின. திரை முழுக்க வெள்ளை. ஷீனாவின் தலை மட்டும் கறுப்பாக, உறக்கத்தில் சாய்ந்தபடி. அகிலின் தலை கண்ணாடியிலிருந்து வழுக்கி, முன்னால் சரிந்து, ஸ்டியரிங்கின்மேல் விழுந்தது.

ஹாரன் அடித்தது.

கரண்ட் போயிற்று. திரை அணைந்தது. காற்றாடி நின்றது.

ஹாரன் நிற்கவில்லை. மழைக்குள்ளிருந்து, பாலத்துப் பக்கமிருந்து, ஒரே மூச்சாக வந்துகொண்டிருந்தது.

கூடத்தில் லீலாபாய் குடையை விரிக்கும் சத்தம் கேட்டது.

"கேட்டியளா, ஹாரன் அடிக்குது," என்றாள் நிம்மதியாக. "நம்ம வண்டிதான். மகள் வந்திட்டா. நான் போய் கேட்டைத் திறக்கேன்."