வேலிக்குள் யாரும் இல்லை

செண்டாய் நகரில் அன்று நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. நாகிசா காலணியிலிருந்த பனியைத் தட்டி ஆய்வகத்து வாசல் அலமாரியில் வைத்துவிட்டு, உள்ளே போடும் செருப்பை எடுத்தாள். பக்கத்துத் தட்டில் ரியோஹேயின் செருப்பு அப்படியே இருந்தது. அவன் இறந்து ஐம்பது நாள். அதை எடுத்துப்போட ஒருவருக்கும் மனசு வரவில்லை.

கணினி அறிவியல் நான்காம் ஆண்டில் ரோபோவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்த மூவரில் மிச்சம் அவளும் சோதாரோவும்தான். கம்பி வேலிக்குள் நிற்கும் ஆளுயர இரும்புக் கையை இன்று ஓட்டிக் காட்டாவிட்டால் அவளுக்குப் பட்டம் இல்லை.

ஓட்டுமுன் சரிபார்க்க வேண்டிய ஒவ்வொன்றையும் விரல் நீட்டி உரக்கச் சொல்ல வேண்டும். அதை நிறுத்தும் சிவப்புப் பொத்தானருகே நிற்பவர் பார்த்து "சரி" என்ற பிறகே இரும்புக் கையை அசைக்கலாம். விபத்து நடந்த அன்று பொத்தான் ரியோஹேயின் பொறுப்பு. நாகிசா திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல், "வேலிக்குள்ள யாரும் இல்ல" என்றாள். பதில் வரவில்லை. அவளுக்கோ பசி, அவசரம். அவனுக்கும் சேர்த்து அவளே "சரி" சொல்லிவிட்டாள். விழுந்த திருகாணியைத் தேடி அவன் உள்ளே குனிந்திருந்தான். இரும்புக் கை சுழன்றது.

விசாரணையில், சரி சொன்னது அவன்தான் என்றாள். பிள்ளையின் கவனக்குறைவுக்காக அவன் அம்மா எல்லோர் முன்னும் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அதை நினைத்தால் நாகிசாவுக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" சோதாரோ பொத்தானில் கை வைத்தான். "நான்தான் இருக்கேன்ல. சொல்லு."

"மின்சாரம்."

"சரி!"

"நிறுத்துற பொத்தான்."

"சரி!"

எண்ணெய் வாடை குப்பென்று ஏறியது. சூடேற்றியின் இரைச்சல் தானாக அடங்கியது.

"வேலிக்குள்ள... யாரும் இல்ல."

சோதாரோ வாய் திறக்குமுன் வேலிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"இரு, இரு. நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

ரியோஹேயின் குரல். எதையாவது தேடும்போது இழுத்து இழுத்துப் பேசுவானே, அதே குரல்.

சோதாரோ பொத்தானை அடித்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "உனக்கும் கேட்டுச்சா?"

நாகிசா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அன்னிக்கு அவன் சரின்னு சொல்லவே இல்லடா. நான்தான் சொன்னேன்."

பேராசிரியரிடமும் அதையே சொன்னாள். அவர் ரியோஹேயின் வீட்டு எண்ணை அழுத்தித் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார். ரியோஹேயின் அம்மா முழுவதையும் கேட்டாள்.

"அப்போ என் புள்ளை மேல தப்பில்லையாம்மா?"

"இல்லம்மா. என் தப்பு."

மறுமுனையில் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

பட்டம் இனி கனவுதான். வாசலுக்கு வந்து காலணியில் கால் விட்டபோது ஏதோ உறுத்தியது. கவிழ்த்தாள். எல்லோரும் தேடியும் கிடைக்காத அந்தத் திருகாணி. காலணி சில்லிட்டிருந்தது. திருகாணி மட்டும் யாரோ இத்தனை நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்ததுபோல் கதகதப்பாக இருந்தது.

நிமிர்ந்து பக்கத்துத் தட்டைப் பார்த்தாள்.

ரியோஹேயின் செருப்பு அங்கே இல்லை.