மூன்றாவது குமிழ்

மாலை நாலு பத்துக்கு வீட்டுக் கதவைத் திறந்தாள் ரிப்பேர். கேஸ் வாடை முகத்தில் அடித்தது.

எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பாள் என்பதால் அண்ணன் வைத்த பெயர் அது.

மழை இருட்டு. பின்னால் வந்த அண்ணன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான்.

"தொடாதே!"

ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். சிலிண்டரை மூடினாள். அடுப்பின் புதுக் குமிழைப் பார்த்தாள். அதன் கோடு மூடும் புள்ளியில்தான் நின்றது.

"நாப் மூடித்தானே இருக்கு?" என்றான் அண்ணன்.

அவள் குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். திரும்பியது.

பழைய குமிழ் உடைந்தபோது அவளேதான் அளந்து, கணினியில் வரைந்து, நூலகத்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் புதிது செய்தாள். அடுப்பின் தண்டில் மாட்டும் நடுத்துளையைக் கொஞ்சம் கோணலாக வரைந்துவிட்டாள். கோடு சரியான இடத்துக்கு வந்தாலும் உள்ளே கேஸ் முழுதாக மூடவில்லை.

இருவரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள். அங்கேதான் பெரிய பயம் வந்தது.

"அண்ணா, ஃபோனைக் குடு. அந்த நாப் படத்தை யார் வேணா செஞ்சுக்கலாம்னு நெட்டுல போட்டிருக்கேன்."

மூன்று பேர் 'செய்து மாட்டிவிட்டேன், நன்றி' என்று எழுதியிருந்தார்கள்.

"சத்தமில்லாம படத்தை மாத்திடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"மாட்டினவங்களுக்குத் தெரியாதே. அதான் பயமா இருக்கு."

உடனே எழுதினாள்: 'குமிழைக் கழற்றுங்கள். சிலிண்டரை மூடுங்கள். கேஸ் கசியும். தவறு என்னுடையது.'

முதல் பதில் வந்தது: 'கழற்றிவிட்டேன்.'

அடுத்தது: 'இதெல்லாம் உனக்கு விளையாட்டா? கழற்றிவிட்டேன்.'

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாமவர் 'ஊசிமுனை'. பதில் இல்லை.

"ஊசிமுனைன்னா நம்ம மாடித் தையல்கார மாமாதானே!" என்றான் அண்ணன்.

"ஐயோ, அவர் ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்குற நேரமாச்சே!"

இரண்டிரண்டு படியாகத் தாவினாள். அழைப்பு மணிக்குப் போன விரல் பாதியில் நின்றது. மணியில் ஒரு பொறி பறந்தால்? இரண்டு கைகளாலும் கதவை அடித்தாள்.

"மாமா! மாமா!"

சத்தமே இல்லை. மறுபடி அடித்தாள். உள்ளே தாழ்ப்பாள் அசைந்தது.

"இடி விழுதுன்னு நினைச்சேன். நீதானா?" கழுத்தில் அளவு நாடாவோடு நின்றார் தையல்காரர். அவருக்குப் பின்னால் அதே வாடை.

"லைட் போடாதீங்க!" அவர் கைக்கடியில் நுழைந்து ஓடினாள். சிலிண்டரை மூடினாள். ஜன்னல்களைத் திறந்தாள். அவரைப் படிக்கட்டுக்கு இழுத்து வந்தாள்.

"தப்பு என்னோடது மாமா. நான்தான் துளையைக் கோணலா வரைஞ்சேன்."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். அவர் படியில் உட்கார்ந்தார். மழைக் காற்றை நன்றாக இழுத்து விட்டார்.

"நாலு மணி டீ உள்ள போகலைன்னா எனக்கு ஊசியில நூலே ஏறாது" என்றார். கழுத்து நாடாவை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "எப்போம்மா சரியான நாப் செஞ்சு தருவே?"