பாலத்தில் மூச்சடைத்த வேன்

நீதிமன்ற வேனில் இருந்தவர்கள் மூன்று பேர்.

ஸ்டியரிங்கில் டிரைவர். அவருக்கு இடப்பக்கம் கான்ஸ்டபிள். பின் இருக்கையில் குமாஸ்தா.

குமாஸ்தாவின் பக்கத்தில் அவரே சீல் வைத்த ஒரு தகர டப்பா. அதற்குள் ஒரு சட்டை.

கொலை நடந்த அன்று கைதி போட்டிருந்த சட்டை. ரத்தத்தோடு.

ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டிய டப்பா... வாய்க்கால் பாலத்தில் காணாமல் போயிற்று.

பாலத்தின் நடுவில் வேன் இருமியது. நின்றது. டிரைவர் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். கான்ஸ்டபிள் பின்னாலிருந்தும், குமாஸ்தா பக்கக் கதவைப் பிடித்தும் தள்ளினார்கள்.

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், இருக்கை காலி.

இப்போது காலை பதினொன்று. டிரைவரின் கையில் விலங்கு.

இன்ஸ்பெக்டர் வேன் படியில் உட்கார்ந்தார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. முழங்கால் தனியாக ஒரு புகார் கொடுத்தது.

"எதுக்கு நிறுத்தினே?"

"நான் நிறுத்தலை சார். அதுவா நின்னுச்சு. நாப்பது தடவை சொல்லிட்டேன்."

"நாப்பத்தொண்ணாவது தடவை சொல்லு."

"அதுவா நின்னுச்சு சார். போன செவ்வாயும் இதே பாலத்துல நின்னுச்சு. அரை மணி கழிச்சு அதுவா கிளம்புச்சு."

குமாஸ்தா சிரித்தார்.

"அதுவா நிக்குது, அதுவா கிளம்புது... அப்ப சம்பளத்தையும் வண்டிக்கே குடுத்துடலாம் சார். இவனோட ஆள் பாலத்தடியில இருந்து எடுத்திருப்பான்."

டிரைவர் குனிந்து விலங்கைப் பார்த்தார். சர்வீஸ் இருபத்திரண்டு வருடம். கண்ணில் அவ்வளவும் தெரிந்தது.

இருவரையும் மரத்தடிக்கு அனுப்பினார் இன்ஸ்பெக்டர்.

கருவிப் பெட்டியோடு மெக்கானிக் அக்கா வந்தார்.

"தள்ளி உக்காருங்க சார். வெளிச்சத்த மறைக்கிறீங்க."

இன்ஸ்பெக்டர் தள்ளி உட்கார்ந்தார்.

"பிளக்குல பொறி வருது. டாங்க்ல பாதி பெட்ரோல் கிடக்கு. ஆனா இஞ்சினுக்கு ஒரு சொட்டு வரலை."

அக்கா டாங்க் மூடியைத் திருகினார்.

ஸ்ஸ்ஸ்...

டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. சாவியைத் திருப்பியதும் வேன் உறுமியது.

"மூடியில ஒரு ஓட்டை உண்டு சார். பெட்ரோல் குறையக் குறைய அது வழியாத்தான் காத்து உள்ள போகணும். அடைச்சா கொஞ்ச தூரம் ஓடி, மூச்சு முட்டி நின்னுடும். எவ்வளவு தூரம்னு ஒரு தடவை பாத்துக்கிட்டா போதும்."

போன செவ்வாய்... ஒத்திகை. அன்று அடைத்தவனே அடைப்பை எடுத்தும் விட்டிருக்கிறான்.

அக்கா குண்டூசியால் நோண்டினார். உள்ளங்கையில் விழுந்தது ஒரு துணுக்கு. பச்சை நிறம்.

இன்ஸ்பெக்டர் அதைத் தாளில் மடித்தார். கான்ஸ்டபிளின் காதில் ஏதோ சொன்னார். கான்ஸ்டபிள் வாய்க்கால் கரையோடு நடந்தார்.

பிறகு இன்ஸ்பெக்டர் பானெட்டின் மேல் தாளை வைத்து, தேதி போட்டு, நிதானமாக ஒரு கடிதம் எழுதினார். உறையிலிட்டார். குமாஸ்தாவையும் டிரைவரையும் கூப்பிட்டார்.

"குமாஸ்தா சார், ஜட்ஜ் ஐயாவுக்குப் போற லெட்டர். சீல் வைக்கணும்."

குமாஸ்தாவுக்கு உற்சாகம். பையிலிருந்து அரக்குக் குச்சியை எடுத்தார். தீக்குச்சியைக் கிழித்தார்.

"பச்சையா? எங்கேயும் சிவப்புதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் ஏற்பாடு சார். எவனும் போலி சீல் வைக்கக் கூடாதுன்னு நானே வரவழைக்கிறேன். பதினெட்டு வருஷமா என் பையை விட்டு இறங்கினதில்லை."

"டிரைவர் ஒரு நாளாவது வாங்கி..."

"தொடக்கூட விட மாட்டேன்."

பச்சைச் சொட்டுகள் உறையில் விழுந்தன. பித்தளை முத்திரை அழுந்தியது.

"டிரைவர் பேரை எழுதியாச்சா சார்?"

"இல்லை. உங்க பேரை."

மடித்த தாளைப் பிரித்தார் இன்ஸ்பெக்டர். உள்ளே அதே பச்சை அரக்கு.

"பெட்ரோல் மூடி ஓட்டையில இருந்தது."

இன்னொரு சொட்டுக்காகக் கிழித்த தீக்குச்சி விரல் வரை எரிந்தது. குமாஸ்தா அதை உதறவில்லை.

"அது என் தங்கச்சி புருஷன் சட்டை சார். அவ முகத்தைப் பாக்க முடியல... நான்தான் வாய்க்கால்ல வீசினேன். இனிமே கிடைக்காது. தண்ணியோட போயாச்சு."

கான்ஸ்டபிள் இடுப்பு வரை நனைந்து திரும்பினார். கையில் தகர டப்பா.

"மதகுக் கம்பியில சிக்கியிருந்தது சார். மூடியைச் சுத்தி குமாஸ்தா சார் வச்ச பச்சை அரக்கு எங்கேயும் விடலை. உள்ள ஒரு சொட்டு தண்ணி போயிருக்காது."

விலங்கு கை மாறியது. டிரைவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"வண்டியை எடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். முதல் தடவையாக 'ங்க' போட்டு.

கடிதம் கான்ஸ்டபிளின் கைக்குப் போனது. குமாஸ்தா பழைய இருக்கையில் ஏறினார், டப்பாவின் பக்கத்தில்.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"வருத்தப்படாதீங்க குமாஸ்தா சார். சீல்னா இப்படி இருக்கணும்னு ஜட்ஜ் ஐயா உங்களைத்தான் பாராட்டுவார்."